பஸ் நிலையத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு எந்த அலுவலகக் கதவு?

நீங்கள் கேட்டது இதுதான். ஹட்டன் பஸ் நிலையத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா சில மாதங்களாகப் படுத்துறங்குகிறார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவராம். கணவர் இறந்த பிறகு மகன் குடும்பத்தோடு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்டில், இருந்திருக்கிறார். மகன் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் அந்தக் காம்பராவுக்கு (லயத்து அறைக்கு) வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஐடி கார்ட் கையில் இல்லை. இப்படியானவர்களுக்கு அரசாங்கத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்வது?

மலையகத்தில் சமூக சேவை வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் வீடில்லாதவர்களுக்கென்று தனிச் சட்டமும் இல்லை, தனித் திணைக்களமும் இல்லை. இருக்கிற உதவிகள் எல்லாம் முதுமை, நோய், உடற்குறை, குழந்தை, அனர்த்தம் என்று வேறு வேறு பெயர்களில்தான் வருகின்றன. எந்தப் பெயரில் போய் நின்றாலும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் கேள்வி ‘விலாசம் என்ன?’ என்பதுதான். மலையகத்தில் அந்த விலாசம் தோட்டத்தின் கையில் இருக்கிறது. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் விலாசம் போகும், விலாசம் போனால் அரசாங்கமே கைவிட்டுப் போகும். அதனால் அந்த அம்மாவுக்குச் சோற்றுப் பொட்டலமும் போர்வையும் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அவருக்கு ஒரு விலாசத்தை மீட்டுக் கொடுப்பதையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

பொலிஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட உடனே 119க்கு அழைத்துவிடுகிறார்கள். அந்த அம்மாவை யாராவது அடிக்கிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள் என்றால் அழைக்கத்தான் வேண்டும். ஆனால் ‘இங்கே ஒருவர் படுத்திருக்கிறார்’ என்று மட்டும் சொல்லிப் பொலிஸைக் கூப்பிடாதீர்கள். வீதியில் படுப்பவரைப் பற்றிப் பொலிஸ் கையில் இருந்து வந்த சட்டம் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் திண்ணையிலோ கொட்டகையிலோ ஆளில்லாத கட்டடத்திலோ தங்கி, பிழைப்புக்கு வழி காட்ட முடியாதவரை அது குற்றவாளியாகப் பார்க்கிறது. அதன் பின்னால் 1907இல் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. நீதவான் முன் நிறுத்தி, தடுப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். பிச்சை எடுப்பவர்களை அனுப்பும் ரிதியகம இல்லம் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. மஸ்கெலியாவில் பிறந்து வளர்ந்து தமிழ் மட்டுமே பேசும் ஒரு முதியவரை அவ்வளவு தூரத்துக்கு ஏற்றிவிட்டால், பிறகு அவரைத் தேடிப் போக ஒரு சொந்தமும் இருக்காது. வறுமையில் இருப்பவரை நீதிமன்றக் கூண்டில் ஏற்றும் இந்த வழியை நான் ஒருபோதும் சேவையாகக் கருதியதில்லை.

அந்தச் சட்டம் பிறந்த காலத்தையும் கவனியுங்கள். 1840இல் முடிக்குரிய காணிகள் பற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உரித்தைக் காட்ட முடியாத காடும் தரிசும் பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்றது. அப்படி எடுத்த காணிகளில் கோப்பித் தோட்டங்கள் பரவின. அதற்கு அடுத்த வருடமே, கூரையில்லாமல் அலைபவரைத் தண்டிக்கும் சட்டம். தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள் இதே காலத்தில்தான் லயங்களில் குடியேற்றப்பட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும், முன்னால் ஒரு சிறு விறாந்தையும். அந்த அறை வேலைக்காகக் கொடுத்தது, குடும்பத்துக்காகக் கொடுத்ததல்ல. பேர் பதிந்த ஆள் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, போகும் வரைதான் அது அவருடையது. தேயிலை வந்தது, சுதந்திரம் வந்தது, 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனையிலும் வேலைக்கும் வீட்டுக்கும் போட்ட அந்த முடிச்சு அவிழவில்லை.

அரசுடைமையான காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. 1973, 1974 பஞ்சத்தில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். தோட்டத்தை விட்டு விரட்டப்பட்டவர்களும் பசி தாங்காமல் இறங்கியவர்களும் கண்டிப் பக்கத்து நகரங்களின் கடைத் திண்ணைகளில் கிடந்தார்கள். 1977 மே மாதம் தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிர் விட்டார். மலையகத்தில் தெருவில் கிடப்பவரைப் பார்த்து ‘வேலை செய்யச் சோம்பல்’ என்று பேசுகிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சரி, இனி அந்த அம்மாவின் காரியத்துக்கு வருவோம்.

எதற்கும் முன்னால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். திரும்பத் தோட்டத்துக்கே போக விருப்பமா, மகனிடம் போக விருப்பமா, இல்லை, இரண்டும் வேண்டாமா? முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டாலே அழுகிறவர்கள் உண்டு, அதைக் கேட்டு நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. அவர் வாயால் சொல்லாத ஒன்றை அவருக்காக யாரும் முடிவு செய்யக் கூடாது. பேசும்போது தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம், செக்ரோலில் (தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில்) இருந்த பெயர், அப்பா பெயர், கணவர் பெயர், வேலையை மேற்பார்த்த கணக்கப்பிள்ளை யார், தொழிற்சங்கத் தலைவர் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புத்தான் பின்னால் எல்லா விண்ணப்பத்துக்கும் அடிப்படை.

அடுத்தது உடம்பு. காய்ச்சல், இருமல், கால் வீக்கம் என்று எதுவாக இருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நடக்க முடியாத நிலையென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும். டிக்கோயா ஆதார வைத்தியசாலை பக்கத்தில்தான் இருக்கிறது. சிகிச்சை பெற யாருக்கும் சொந்த வீடு இருக்க வேண்டியதில்லை. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அங்கே கொடுக்கும் கிளினிக் கொப்பியில் பெயர், வயது, திகதி எல்லாம் அரச முத்திரையோடு பதிவாகும். கையில் ஒரு தாளும் இல்லாதவருக்கு அதுவே முதல் ஆவணம். மனநலம் குன்றியிருப்பதாகத் தோன்றினால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். வார்டில் சேர்த்தால், அவருக்குப் போக இடமில்லை என்பதை டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன்பே வைத்தியரிடமும் பொறுப்புத் தாதியிடமும் சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் துண்டு வெட்டிய பிறகு சொன்னால் மறுபடியும் பஸ் நிலையம்தான்.

அப்புறம் அடையாள அட்டை. இதில் இரண்டு நிலை உண்டு. முன்பு இருந்து தொலைந்ததென்றால் வேலை சுலபம். பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியோடு கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பிக்கலாம். பழைய இலக்கம் தெரியாவிட்டாலும் சேமலாப நிதிக் காகிதத்திலோ வங்கிப் புத்தகத்திலோ அது இருக்கும். ஒருபோதும் அட்டை எடுக்கவே இல்லை என்றால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும். அது பதியப்படவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறலாம். தோட்டங்களில் குடியிருப்பவர்களின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகரே உறுதிப்படுத்தும் நடைமுறை இருந்து வந்திருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே வந்தவருக்குச் சிக்கல் அங்கேதான். தோட்டத்தில் ‘இவர் இப்போது இங்கே இல்லை’ என்பார்கள், டவுனில் ‘இவர் இந்தப் பிரிவு ஆள் இல்லை’ என்பார்கள்.

இந்த அம்மா எழுபதைத் தாண்டியவர் என்றால் 1950களில் பிறந்தவர். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை நாடற்றவர்களாக்கியிருந்த காலம் அது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். 1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும், கடைசியாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகுதான் இந்தப் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது. அதனால் அவரிடம் பழைய பிரஜாவுரிமைத் தாள் ஏதாவது, மடித்துக் கிழிந்த நிலையில் இருந்தாலும், அதைப் பத்திரப்படுத்துங்கள். யாராவது அதிகாரி ‘இவர் இலங்கைப் பிரஜைதானா?’ என்று இழுத்தால் 2003 சட்டத்தைச் சொல்லுங்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்து வரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் அந்தச் சட்டமே பிரஜாவுரிமை கொடுத்துவிட்டது.

இனி எந்த கிராம உத்தியோகத்தரிடம் போவது என்ற கேள்வி. இங்கேதான் பெரும்பாலான கோப்புகள் செத்துப் போகின்றன. என்னுடைய ஆலோசனை: அவர் இப்போது படுத்துறங்கும் இடம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறதோ, அந்தப் பிரதேச செயலாளருக்கே எழுத்தில் கொடுங்கள். தோட்டம் இருக்கும் பிரிவின் செயலாளருக்கு ஒரு பிரதி போகட்டும். சமூக சேவைகள் உத்தியோகத்தர், முதியோர் மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் எல்லோரும் அந்த ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டுவார். கடிதமாகப் போனால் செயலாளர் யாராவது ஒருவருடைய பெயரை எழுதி ஒப்படைத்தாக வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளும், பதுளையில் பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை போன்றவையும் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் வந்தன. தமிழில் கொடுத்ததற்குத் தமிழில் பதில் தருவது அவர்கள் கடமை. இதைக் கேட்பதற்கு நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

அந்தக் கடிதத்தில் என்னென்ன கேட்கலாம்?

காசு உதவியில் இப்போது முக்கியமானது அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு. 2002இன் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023இல் தொடங்கியது. தொடங்கியபோது குடும்பங்களை நான்கு தரமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அப்போது மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா என்று அறிவித்தார்கள். குறைந்த வருமானமுள்ள 70 வயதைக் கடந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவும் இப்போது இந்த ஏற்பாட்டுக்குள்தான் வருகிறது. வீடு வீடாகக் கணக்கெடுத்து வீட்டின் சுவரையும் கூரையையும் பார்த்துப் புள்ளி போடுகிற முறை இது. சுவரும் கூரையும் இல்லாதவரிடம் யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை. அவர் கேட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். தனியாள் குடும்பமாகப் பதியச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது. மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் பொதுசன உதவிப் பணம் பற்றியும் அதே உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுங்கள்.

அவர் உழைத்த பணத்தையும் மறக்க வேண்டாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அம்மா பல பத்தாண்டுகள் கொழுந்து பறித்தவர். அவர் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போயிருக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். 1983இன் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணம் உண்டு. வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம், மேலதிகக் கட்டணத்தோடு நீதிமன்றம் மூலம் அறவிடவும் வழி இருக்கிறது. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர் என்று இருப்பதால்தான் பலருடைய பணம் எடுபடாமல் கிடக்கிறது. இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, தோட்ட அலுவலகத்தின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அது தீரும். இந்தப் பணம் யாருடைய தயவும் அல்ல. அவர் கை உழைத்தது.

மகனைப் பற்றி ஒரு விஷயம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்கிறது. பராமரிப்புச் சபையிடம் பெற்றோர் மாதப் பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் கொழும்பில் கடையில் நின்று, வாடகை அறையில் நான்கு பேரோடு படுக்கும் ஒரு மகனை எடுத்த எடுப்பிலேயே சட்டத்தால் மிரட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை. முதலில் அவருடைய ஃபோன் இலக்கத்தைத் தேடிப் பேசுங்கள். அம்மா வீதியில் இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

முதியோர் இல்லம் என்பது இன்னொரு வழி. அரசும் மாகாண சபைகளும் நடத்தும் இல்லங்கள் உண்டு, தொண்டு நிறுவனங்களும் மடங்களும் கோயில்களும் நடத்துபவையும் உண்டு. சமூக சேவைகள் உத்தியோகத்தர் மூலம் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும் வைத்திய அறிக்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இதில் நான் எப்போதும் வற்புறுத்துவது மொழி. கூட இருப்பவர் ஒருவருக்கும் தமிழ் தெரியாத இடத்தில் ஒரு முதியவர் மெல்ல மெல்லப் பேச்சையே விட்டுவிடுகிறார். தமிழ் பேசும் இல்லம் வேண்டும் என்று கேட்டால் யாழ்ப்பாணம் கைதடியைச் சொல்வார்கள். நல்ல இல்லம்தான், ஆனால் மலையகத்துக்காரருக்கு அதுவும் வேற்றூரே. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ தமிழ் பேசும் பணியாளர்களோடு ஓர் அரச முதியோர் இல்லமும், இரவில் மட்டும் தங்கிப் போகிற ஒரு விடுதியும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை மாதத்தில் புல்லின் மேல் உறைபனி படியும் ஊரில், இரவில் ஒருவருக்குக் கூரை இல்லையென்றால் அது உயிர் பிரச்சினை.

இனி, திரும்பத் தோட்டத்துக்கே போக வழியிருக்கிறதா? அவருக்கு அதுதான் விருப்பமென்றால் முயற்சி செய்யுங்கள். மற்ற எல்லா வழிகளையும்விட இது விரைவில் பலிக்கும். தோட்ட வதிவிடங்கள் பற்றிய 1971இன் 2ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம், வேலை முடிந்துவிட்டது என்பதற்காக நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒருவரைத் தோட்ட வீட்டிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கிறது. இந்தச் சட்டத்தைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தொழிற்சங்கத் தலைவர்மாரிலும் பலருக்குத் தெரியாது. நலன்புரி உத்தியோகத்தரிடமும் தலைவரிடமும் அமைதியாகப் பேசிப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் காம்பரா ஒன்று பெரும்பாலான டிவிஷன்களில் இருக்கும். மறுபக்கம், 1979இன் 7ஆம் இலக்க அரச காணிகள் மீட்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதையும் தெரிந்து வைத்திருங்கள். அதன் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் வந்து நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்து மூல அதிகாரமோ காட்டுவதைத் தவிர வேறு வாதத்துக்கு இடம் மிகக் குறைவு. அப்படி ஒரு தாள் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தருவார்கள்.

உங்கள் கேள்வி ஒரு முதியவரைப் பற்றியது. இதே பஸ் நிலையத்தில் பிள்ளைகளோடு ஒரு பெண்ணைப் பார்த்தால் வழி வேறு. கணவனின் அடி தாங்காமல் இறங்கி வந்தவராக இருக்கலாம். 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடித்தவனை வீட்டுக்குள் வர விடாமல் தடுக்க அந்தக் கட்டளைக்கு அதிகாரம் உண்டு. தெருவுக்கு வர வேண்டியவர் அவள் அல்ல என்பதை இந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. 1938 பெண்களுக்கான இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. பிள்ளைகள் மட்டும் தனியாக இருந்தால் 1929க்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். ஆனால் ஏழ்மை ஒன்றையே காரணம் காட்டித் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து இல்லத்தில் போடுவதை எதிர்த்துக் கேள்வி கேட்கவும் தயங்காதீர்கள்.

இன்னும் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களை வீடில்லாதவர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. மண்சரிவிலும் லயத் தீயிலும் வீடிழந்து, பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் தங்கியிருப்பவர்கள் அவர்கள். லயமென்றால் ஒரே கூரை, ஒரே முகடு, பலகைத் தடுப்பு. ஒரு காம்பராவில் பிடித்த தீ முழு லயத்தையும் தின்னும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று சொன்ன சரிவுகளிலும் மக்கள் இருக்கிறார்கள், போக வேறு நிலமில்லை என்பதால். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை தந்தவர்கள் போக ஒரு பேர்ச் நிலத்தையும் தரவில்லை. தப்பியவர்கள் மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் காத்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மத்திய மலைநாடு முழுவதையும் உலுக்கியபோது அதே கதை பல மடங்காகத் திரும்பியது.

இந்தக் குடும்பங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். வீட்டுச் சேதத்துக்கு இழப்பீடு என்று வரும்போது வீடு யாருடையது என்ற கேள்வி வரும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், மண் அரசாங்கத்துக்குச் சொந்தம், குடியிருந்தவருக்கு இரண்டும் இல்லை. அதனால் முகாமில் இருக்கும்போதே கிராம உத்தியோகத்தரின் சேத அறிக்கையில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காம்பராவில் மூன்று குடும்பம் இருந்திருக்கும், பதிவில் ஒன்றுதான் இருக்கும். திருமணமான மகனும் விதவை மகளும் அப்பாவின் பெயருக்குள் மறைந்துபோவார்கள். வீடு கொடுக்கும்போது ஒரே ஒரு வீடு வரும். அப்போது வெளியே தள்ளப்படுவது பெரும்பாலும் வயதானவர்தான். உங்கள் பஸ் நிலையத்து அம்மா போன்றவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

வீட்டுத் திட்டங்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கை வந்தது. இந்திய உதவியில் மலையகத்துக்கு 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு இந்தியப் பிரதமர் வந்தபோது இன்னும் 10,000 என்ற அறிவிப்பு, 2018இல் பெருந்தோட்டப் பகுதிக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைப் பணம் செலவழிக்க முடியாமல் தடுத்து வந்த 1987 பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவும் 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பது வருடமாக வாக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, ரோட்டும் விளக்கும் தர முடியாது என்று சொல்ல சட்டமே துணை நின்றது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

ஆனால் இந்தத் திட்டங்களின் பயனாளிப் பட்டியல் தோட்டத்திலிருந்துதான் எழும்புகிறது. தோட்டத்தில் இருப்பவருக்கு வீடு. தோட்டத்தை விட்டு விழுந்தவருக்கு? ஓய்வு பெற்ற தனியாள், கணவனை இழந்த பெண், வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பி இடமில்லாமல் நிற்பவர், டவுனில் கூலி வேலை செய்து கடைத் திண்ணையில் படுப்பவர், இவர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஒவ்வொரு புதிய வீட்டுத் தொகுதியிலும் சில வீடுகளையாவது இப்படியானவர்களுக்கென்று பிரதேச செயலாளரின் கையில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதோடு, ஒருவர் உண்மையாக எங்கே இருக்கிறாரோ அந்த இடத்தை, அது கோயில் மண்டபமானாலும், தற்காலிக விலாசமாகப் பதிய கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் பணிப்புரை வர வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு சுற்றுநிருபம் போதும். லயத்தில் இருப்பவருக்கே தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் தவிர வேறு விலாசம் இல்லாமல், கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்த் தாமதமாகக் கிடைக்கும் நிலைதான் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கதவுக்கு ஓர் இலக்கம், பாதைக்கு ஒரு பெயர் என்ற அளவிலாவது அது மாற வேண்டும்.

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, போதிய உணவு, உடை, வீடு கொண்ட வாழ்க்கைத் தரத்தை எல்லாப் பிரஜைகளும் அடையச் செய்வது அரசின் குறிக்கோள் என்கிறது. 29ஆம் உறுப்புரை, அதை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்கிறது. 1980இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் வீடற்றோருக்காக ஒரு சர்வதேச ஆண்டு வேண்டும் என்று கேட்டவர் அப்போதைய பிரதமர் பிரேமதாச. 1987 அந்த ஆண்டாக அறிவிக்கப்பட்டது. உலகத்தின் முன் அப்படிக் கேட்ட நாடு தன் மலைகளில் இருக்கும் லயங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். வீட்டுக் கடன் வாங்கக் காணி வேண்டும், தோட்டத்து ஆளுக்குக் காணி இல்லை, அதனால் அந்தக் காலத்துப் பெரிய வீட்டுத் திட்டங்கள் லயத்து வாசல் வரை வந்து சேரவில்லை.

சரி, நீங்கள் செய்யக்கூடியதற்கே திரும்பி வருகிறேன். கடிதத்தை ஒரு பக்கத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அந்த அம்மாவின் பெயர், வயது, முன்பிருந்த தோட்டம், இப்போது இருக்கும் இடம், உடல்நிலை, அவருடைய விருப்பம் இவ்வளவும் இருந்தால் போதும். கோரிக்கைகளைத் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள்: தற்காலிக விலாசப் பதிவு, அடையாள அட்டை, அஸ்வெசும, தங்குமிடம். கீழே அவர் கைநாட்டோ கையெழுத்தோ இருக்கட்டும். பிரதியில் ஏற்றுக்கொண்ட திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். கோயில் பரிபாலன சபையோ கடைக்காரர் சங்கமோ கூடக் கையெழுத்திட்டால் நல்லது. தன் விலாசத்தின் பராமரிப்பில் அவருடைய கடிதங்களைப் பெற்றுக்கொள்ள ஒருவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. உங்கள் விலாசத்தையே அதற்குக் கொடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அது அவருக்கு வாடகை உரிமையையோ வேறு பாத்தியதையையோ கொடுத்துவிடாது, கடிதம் வந்து சேர மட்டும்தான்.

பதிலே வராவிட்டால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம் ‘இந்தத் திகதியில் கொடுத்த கடிதம் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். கூடவே மாகாண சமூக சேவைகள் திணைக்களத்திடம், உங்கள் மாவட்டத்தில் முதியோர் இல்லங்களில் எத்தனை படுக்கைகள் இருக்கின்றன, அவற்றில் தமிழ் பேசும் பணியாளர் எத்தனை பேர் என்றும் கேட்டு வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு எல்லாப் பிரதிகளையும் சேர்த்து அனுப்பலாம். 1996 என்ற இலக்கத்தில் அழைத்தும் சொல்லலாம். கடிதம் எழுதும்போது எங்காவது தடுமாற்றம் வந்தால் வரைவை எனக்குக் காட்டுங்கள், திருத்தித் தருகிறேன்.